நினைவுக்கும் ஒரு காலாவதி தேதி

2007 பொங்கலுக்கு முந்தின வாரம். ஒரு பஸ் கம்பெனியின் முன்பதிவுத் தளத்தைப் பார்த்துக்கொண்ட மூன்று பேரில் நானும் ஒருத்தன் (கம்பெனி பேர் வேண்டாமே, பாவம்). பண்டிகைக் கூட்டத்தில் "காலி இருக்கைகள்" பக்கம் திணறிக்கொண்டிருந்தது. ஒவ்வொருத்தர் பார்க்கும்போதும் டேட்டாபேஸை ஒரு தட்டு தட்டி எண்ணிவிட்டு வரணும், அதான் காரணம். நான் ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து நாற்பது வரியில் ஒரு குட்டி நிரல் எழுதினேன். ஒரு முறை எண்ணிய பதிலை மெமரியிலேயே வைத்துக்கொள்ளும். பத்து நிமிஷம் வரை யார் கேட்டாலும் அதையே எடுத்துக் கொடுக்கும். பத்து நிமிஷம் ஆனதும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எண்ணும். பக்கம் பறந்தது. எல்லாரும் கை கொடுத்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் ஒரு போன். பெரியவர் ஒருத்தர், பிரவுசிங் சென்டரிலிருந்து பேசினார்.

"தம்பி, ஒன்பது மணி வண்டியில நாலு சீட் இருக்குன்னு காட்டுது. பணம் கட்டப் போனா இல்லைங்குது. திரும்பிப் போய்ப் பார்த்தா மறுபடியும் நாலு சீட் இருக்குங்குது. மூணு தடவை பார்த்தாச்சு. இதுக்குள்ள ஏழரை மணி வண்டியும் நிறைஞ்சு போச்சு. சீட் இருக்குன்னு உங்க கம்ப்யூட்டர்தானே தம்பி சொல்லுச்சு?"

கம்ப்யூட்டர் பொய் சொல்லலை ஐயா, பத்து நிமிஷத்துக்கு முந்தின உண்மையைச் சொல்லுச்சு, என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தேன். அந்தக் கேள்வி மட்டும் மண்டையை விட்டுப் போகவே இல்லை. அந்தப் பத்து நிமிஷத்தை யார் முடிவு பண்ணியது? நான்தான். எதை வைத்து? சும்மா, பத்து ஒரு நல்ல முழு எண்ணாகத் தெரிந்தது!

கம்ப்யூட்டரின் நினைவுக்குக் காலாவதி தேதி போடும் வழக்கம் எங்கே ஆரம்பித்தது என்று அதற்கப்புறம் தேடித் தேடிப் படித்தேன். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், காபி எடுத்துக்கிட்டு வாங்க :-)

அஞ்சறைப்பெட்டி

முதலில் கேஷ் என்றால் என்ன? காசு இல்லீங்க. மறைத்து வை என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது இது. நம்ம சமையலறை அஞ்சறைப்பெட்டிதான் சரியான உதாரணம். கடுகு மளிகைக்கடையில் மூட்டை மூட்டையாக இருக்கு. தாளிக்கும்போது ஒவ்வொரு தடவையும் கடைக்கு ஓட முடியுமா? அடிக்கடி தேவைப்படுவதைக் கொஞ்சம் எடுத்துக் கை எட்டும் இடத்தில் வைத்துக்கொள்கிறோம். பெட்டி சின்னது, கடை பெரிது. பெட்டி பக்கம், கடை தூரம். அவ்வளவுதான் கேஷ்.

இந்த யோசனை ரொம்பப் பழசு. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கம்ப்யூட்டர் 1962 டிசம்பரில் பயன்பாட்டுக்கு வந்தது. அதில் 16,384 சொற்கள் கொள்ளும் வேகமான காந்த வளைய மெமரியும், 98,304 சொற்கள் கொள்ளும் மெதுவான சுழலும் டிரம்மும் இருந்தன. டாம் கில்பர்ன் தலைமையிலான குழு இரண்டையும் சேர்த்து, நிரல் எழுதுகிறவருக்கு ஒரே பெரிய மெமரி மாதிரி தெரியும்படி செய்தது. வேகமான பகுதி நிறைந்துபோனால் எதை டிரம்முக்குத் திருப்பி அனுப்புவது? அதற்கு ஒரு "கற்கும் நிரல்" வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பக்கமும் கடைசியாகப் பயன்பட்டு எவ்வளவு நேரமாச்சு, அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் சும்மா கிடந்தது என்று குறித்துக்கொண்டே வரும். இப்போதைக்குத் தேவைப்படாது என்று தோன்றுவதை வெளியே அனுப்பும்.

நேரத்தைப் பார்க்கிறது இல்லையா? ஆனால் அவசரப்படாதீங்க, இது காலாவதி கிடையாது. இடம் போதவில்லை என்பதால் காலி செய்வது வேறு, கெட்டுப்போயிருக்கும் என்பதால் தூக்கிப் போடுவது வேறு. அஞ்சறைப்பெட்டியில் இடமில்லாமல் வெந்தயத்தை எடுத்து வைப்பது முதல் ரகம். பால் பாக்கெட்டில் தேதியைப் பார்த்துக் கீழே ஊற்றுவது இரண்டாவது ரகம். அட்லஸ் காலத்தில் வெந்தயம் மட்டும்தான் இருந்தது, பால் இன்னும் வரவில்லை.

1965 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ் இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். 1949-லேயே எட்சாக் கம்ப்யூட்டரை ஓட விட்டவர் அவர். பெரிய மெமரிக்கு முன்னால் ஒரு சின்ன வேகமான மெமரியை வைத்தால், நிரலாளர் ஒன்றுமே செய்யாமல் தேவையான சொற்கள் தானாக அதில் வந்து சேரும் என்று சொன்னார். "அடிமை மெமரி" என்பது அவர் வைத்த பெயர். நல்லவேளை, அது நிலைக்கவில்லை. 1968-ல் ஐபிஎம் தன் 360 வரிசையில் மாடல் 85-ஐ அறிவித்தது, உள்ளே 16 கிலோபைட் வேக மெமரியோடு. ஐபிஎம் அதை "அதிவேக இடைநிலை மெமரி" என்கிற மாதிரி நீளமாக அழைத்தது. அதை விளக்கும் கட்டுரை ஐபிஎம்மின் ஆய்விதழுக்குப் போனபோது, ஆசிரியர் லைல் ஜான்சன் வேறு பேர் வைக்கலாமே என்று "கேஷ்" என்ற சொல்லைக் கொடுத்தார். ஒரு பத்திரிகை ஆசிரியர் வைத்த பெயர்தான் இன்று உலகம் பூரா புழங்குகிறது. எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்ன சந்தோஷம்!

அதே 1968-ல் எடின்பரோவில் டொனால்ட் மிச்சி என்பவர் இதையே நிரலுக்குள் கொண்டுவந்தார். ஒரு கணக்கைப் போட்டு வந்த விடையை ஒரு அட்டவணையில் எழுதி வை, அடுத்த முறை அதே கேள்வி வந்தால் கணக்குப் போடாதே, அட்டவணையைப் பார். நேச்சர் இதழில் வந்த யோசனை இது. நான் எழுதிய நாற்பது வரியின் கொள்ளுத்தாத்தா அதுதான்.

இதில் ஒன்றைக் கவனிங்க. மிச்சியின் அட்டவணையில் காலாவதிக்கு வேலையே இல்லை. 17-ன் வர்க்கம் 289. இன்னைக்கும் 289, அடுத்த பொங்கலுக்கும் 289. கடுகு மாதிரி, கெடாது.

1983: ஒரே வருஷம், இரண்டு வழி

நகலுக்கும் அசலுக்கும் இடையில் தூரம் வந்த பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது.

ஒரே பெட்டிக்குள் பல பிராசஸர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி கேஷ் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தர் மதிப்பை மாற்றினால் அடுத்தவரிடம் இருக்கும் நகல் பழசாகிவிடும். 1983-ல் ஜேம்ஸ் குட்மன் ஒரு வழி சொன்னார். எல்லா கேஷும் ஒரே கம்பித் தடத்தில்தானே இணைந்திருக்கின்றன? தடத்தில் போகிற பேச்சை எல்லாரும் ஒட்டுக்கேளுங்கள். உங்களிடம் இருப்பதை யாராவது மாற்றினால் உங்கள் நகலை அழித்துவிடுங்கள். ஒண்டிக்குடித்தனத்தில் பக்கத்து வீட்டுச் செய்தி தானாகக் காதில் விழுகிற மாதிரி. இங்கேயும் காலாவதி தேவைப்படவில்லை, காது இருந்தால் போதும்.

அதே 1983 நவம்பரில் இன்னொரு பக்கம். இன்றைய இணையத்துக்கு முன்னோடியான வலையமைப்பில் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பெயரும் முகவரியும் கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் ஒரே கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. எல்லாரும் அந்தக் கோப்பை அவ்வப்போது இறக்கிக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. அதற்கு மாற்றாகத் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் என்ற பெயர்ப் பட்டியல் முறையை வடிவமைத்தார். நீங்கள் உலாவியில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டும்போதெல்லாம் இன்றும் பின்னால் ஓடுவது அதுதான்.

அதில் பதிலைச் சொல்கிற சர்வர் ஒரு ஊரில், கேட்பவர் வேறு ஊரில். நடுவில் இருப்பவர்கள் பதிலை நகல் எடுத்து வைத்துக்கொள்ளாவிட்டால் மொத்தமும் ஸ்தம்பித்துவிடும். நகல் எடுத்தால், யார் யாரிடம் நகல் இருக்கிறது என்று அசல்காரருக்குத் தெரியாது. ஒட்டுக்கேட்கவும் பொதுவான கம்பி இல்லை. அப்போ முகவரி மாறினால்?

மொக்கபெட்ரிஸ் செய்த ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு பதிலோடும் ஒரு எண்ணைச் சேர்த்து அனுப்பினார். "இதை இத்தனை விநாடிக்கு நம்பலாம், அதற்கு மேல் என்னிடம் திரும்பக் கேள்." ஆங்கிலத்தில் டைம் டு லிவ், சுருக்கமாக டிடிஎல். வாழும் காலம் என்று வைத்துக்கொள்ளலாம். பால் பாக்கெட்டில் தேதி அச்சடிச்சாச்சு!

முக்கியமான விஷயம், அந்த எண்ணை முடிவு செய்வது யார் என்பது. நகல் வைத்திருப்பவர் இல்லை, அசலின் சொந்தக்காரர். எவ்வளவு சீக்கிரம் மாறும் என்று அவருக்குத்தானே தெரியும்? பூஜ்யம் போட்டால் சேமிக்கவே கூடாது என்று பொருள். 1987-ல் வந்த திருத்திய விதிகளில் ஒரு நல்ல புத்திமதியும் இருக்கிறது. முகவரி மாறப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், அதற்கு முன்னாடியே வாழும் காலத்தைக் குறைத்துவிடு, மாற்றம் முடிந்ததும் பழையபடி ஏற்றிவிடு. வீடு மாறுகிறவர் பால்காரரிடமும் பேப்பர்காரரிடமும் முன்னாடியே சொல்லிவைக்கிற மாதிரி. சர்வர் மாற்றுகிற ஆட்கள் இன்றைக்கும் இதைத்தான் செய்கிறார்கள்.

இன்னொரு சுவையான தகவல். முதல் விதிகளில் அந்த எண்ணுக்கு 16 பிட்தான் ஒதுக்கியிருந்தார்கள். 65,535 விநாடி, அதாவது சுமார் 18 மணி நேரம்தான் அதிகபட்சம். அது போதாது என்று 1986-ல் 32 பிட்டாக மாற்றினார்கள். ஒரு பதிலை ஒரு நாள் கூட நம்பக் கூடாதா என்ற கேள்வி வந்திருக்கு பாருங்க!

சொல்லி அனுப்புவதா, கடிகாரம் பார்ப்பதா

எண்பதுகளில் இந்தக் குடும்பச் சண்டை கோப்புகளைப் பகிரும் முறைகளிலும் வந்தது. சன் நிறுவனத்தின் என்எஃப்எஸ், கடிகாரக் கட்சி. ஒரு கோப்பின் விவரங்களை வழக்கமாக 3 விநாடியிலிருந்து 60 விநாடி வரை நம்பும், பிறகு திரும்பக் கேட்கும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஏஎஃப்எஸ் சொல்லி அனுப்பும் கட்சி. "நீ வைத்திருக்கிற கோப்பு மாறினால் நானே கூப்பிட்டுச் சொல்றேன்" என்று சர்வர் வாக்குக் கொடுத்துவிடும்.

இரண்டாவதுதான் நேர்த்தி என்று தோன்றும். ஆனால் வாக்குக் கொடுத்தவர் கூப்பிடும்போது அந்தப் பக்கம் லைன் கட் ஆகியிருந்தால்? 1989-ல் ஸ்டான்ஃபோர்டின் கேரி கிரே, டேவிட் செரிட்டன் இருவரும் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். பெயர் குத்தகை. "அடுத்த சில விநாடிகளுக்கு உன்னைக் கேட்காமல் இதை மாற்ற மாட்டேன். அந்த நேரம் முடிந்தால் என் வாக்கும் முடிந்தது." மறுமுனையில் இருப்பவர் செத்தே போனாலும் குத்தகை தீரும்வரை காத்திருந்தால் போதும், வேலை நடக்கும். வாக்குக்கே காலாவதி தேதி போட்டார்கள்.

அப்புறம் வலை வந்தது. 1996-ல் வெளியான எச்டிடிபி 1.0 விதிகளில், ஒரு பக்கத்தோடு "இந்தத் தேதி, இந்த மணியோடு காலாவதி" என்று எழுதி அனுப்ப இடம் வைத்தார்கள். இதில் ஒரு ஓட்டை. சர்வரின் கடிகாரமும் உங்கள் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டுமே! வீட்டுக் கம்ப்யூட்டரில் பேட்டரி தீர்ந்து தேதி தப்பாகக் காட்டியது ஞாபகம் இருக்கா? 1997 ஜனவரியில் வந்த 1.1 விதிகள் "இத்தனை விநாடி வரை" என்று சொல்லும் வழியையும் சேர்த்தன. தேதி அச்சடிப்பதற்குப் பதிலாக, "திறந்த மூன்று நாட்களுக்குள் பயன்படுத்தவும்" என்கிற மாதிரி.

இருபத்துமூணு வயசுப் பையனும் முப்பது நாள் பொறியும்

இப்போது நிரலாளர்களின் வீட்டுக்குள் வருவோம். பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் 1999-ல் அமெரிக்காவில் லைவ்ஜர்னல் என்ற நாட்குறிப்புத் தளத்தை ஆரம்பித்தவர். 2003-ல் தளம் கூட்டத்தால் திணறியது (என் பஸ் கம்பெனி மாதிரியே, ஆயிரம் மடங்கு பெரிசாக). ஒவ்வொரு சர்வரிலும் ஓடும் ஒவ்வொரு புரோசஸும் தனித்தனியாக அதே நகலை வைத்துக்கொண்டு மெமரியை வீணடித்தது. பல இயந்திரங்களில் சும்மா கிடக்கும் மெமரியை எல்லாம் சேர்த்து ஒரே பொது அஞ்சறைப்பெட்டியாக ஆக்கினால் என்ன என்று யோசித்து மெம்கேஷ்டு என்பதை எழுதினார். முதலில் பெர்ல் மொழியில் எழுதியது வேகம் போதவில்லை, பிறகு சி மொழியில் அனடோலி வோரோபே திருப்பி எழுதினார்.

அதன் அழகு எளிமைதான். ஒரு சாவி, ஒரு மதிப்பு, எத்தனை விநாடி. வை, எடு, அழி. அவ்வளவே. அதற்குப் பிறகு எந்த மொழியை எடுத்தாலும் யாராவது ஒருத்தர் இதே மூன்று வேலையைச் செய்யும் குட்டி நூலகம் ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்கள். ஜாவாவில் கூகுளின் குவாவா 2011-ல் "எழுதியதிலிருந்து இத்தனை நேரம்", "கடைசியாகத் தொட்டதிலிருந்து இத்தனை நேரம்" என்று இரண்டு விதமான காலாவதியைக் கொடுத்தது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. இரண்டாவதைப் போட்டால், அடிக்கடி கேட்கப்படும் பதில் பழசானாலும் சாகவே சாகாது.

மெம்கேஷ்டில் ஒரு பிரபலமான பொறியும் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் எண் 30 நாள் வரை, அதாவது 25,92,000 விநாடி வரை இருந்தால் "இன்னும் இத்தனை விநாடி" என்று எடுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால், 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணும் யுனிக்ஸ் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். 31 நாள் இருக்கட்டும் என்று 26,78,400 கொடுத்தீர்கள் என்றால், அது 1970 பிப்ரவரி 1 என்று புரிந்துகொண்டு, "அடடா, இது காலாவதியாகிப் பல வருஷமாச்சே" என்று வைத்த உடனே செத்துப்போகும்! ஒரு நாள் கூடுதலாகக் கேட்டதற்குத் தண்டனை.

தூக்கிப் போடுவது யார்?

தேதி முடிந்தது சரி. யார் போய் எடுத்துப் போடுவது? எளிய வழி, யாராவது கேட்க வரும்போது தேதியைப் பார்ப்பது. முடிந்திருந்தால் இல்லை என்று சொல்லிவிடலாம். சோம்பேறி முறை. யாருமே கேட்காத பண்டம் அப்படியே கிடந்து மெமரியைத் தின்னும். இன்னொரு வழி, ஒரு துப்புரவாளரை வைத்து அவ்வப்போது எல்லாவற்றையும் புரட்டிப் பார்க்கச் சொல்வது. பல குட்டி நூலகங்களில் இரண்டும் உண்டு. பத்து லட்சம் சாமான் இருந்தால், துப்புரவாளர் பெருக்கி முடிக்கும்வரை கடைக்குப் பூட்டு.

இதற்கான அழகான பதில் 1987-லேயே வந்துவிட்டது. ஜார்ஜ் வர்கீஸ் (பம்பாய் ஐஐடியில் படித்தவர்), டோனி லாக் இருவரும் "நேரச் சக்கரம்" என்ற முறையை எழுதினார்கள். கடிகாரத்தை நினைச்சுக்கோங்க. விநாடிக்கு ஒரு சக்கரம், நிமிஷத்துக்கு ஒன்று, மணிக்கு ஒன்று. மூன்று மணி நேரம் கழித்து முடிவதை மணிச் சக்கரத்தின் பல்லில் மாட்டு. நேரம் நெருங்கும்போது நிமிஷச் சக்கரத்துக்கு இறக்கு, அப்புறம் விநாடிக்கு. முள் எந்தப் பல்லில் நிற்கிறதோ அங்கே மாட்டியதை மட்டும் பார்த்தால் போதும். முப்பது வருஷம் கழித்து ஜாவாவின் கேஃபீன் நூலகம் காலாவதிக்கு இதே சக்கரத்தை எடுத்துக்கொண்டது.

சிசிலிக்காரரான சால்வத்தோரே சான்ஃபிலிப்போ 2009-ல் வெளியிட்ட ரெடிஸ் வேறு குணம். விநாடிக்குப் பத்து முறை, காலாவதி உள்ளவற்றில் குத்துமதிப்பாக 20-ஐ எடுத்துப் பார்ப்பது அதன் பழைய முறை. அதில் கால் பங்குக்கு மேல் முடிந்துபோயிருந்தால் உடனே மறுபடி எடுத்துப் பார்க்கும். குறைவாக இருந்தால் விட்டுவிடும். ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துப் பார்த்து மூட்டையில் எவ்வளவு கல் என்று சொல்கிற நம்ம ஊர் வியாபாரி மாதிரி!

எல்லாம் ஒரே நேரத்தில் செத்தால்

எனக்கு இன்னொரு பாடமும் அந்தப் பொங்கல் வாரத்தில் கிடைத்தது. சரியாகப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை டேட்டாபேஸ் மூச்சுத் திணறும். எல்லாப் பதிலும் ஒரே நேரத்தில் காலாவதி. அந்த விநாடியில் காத்திருக்கும் முந்நூறு பேருக்கும் பெட்டி காலி, முந்நூறு பேரும் ஒரே கேள்வியோடு கடைக்கு ஓடுகிறார்கள். இதைத்தான் கூட்ட நெரிசல் என்கிறார்கள்.

பெரிய ஆட்களுக்கும் இதே கதிதான். மெம்கேஷ்டைத் தாங்கள் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று ஃபேஸ்புக் 2013-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. அவர்கள் வழி: பெட்டி காலி என்று தெரிந்ததும் முதலில் வந்தவருக்கு மட்டும் ஒரு டோக்கன். அவர் போய் வாங்கி வரட்டும், மற்றவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். நெரிசல் வரக்கூடிய சாவிகளை வைத்து அளந்தபோது, உச்ச நேரத்தில் டேட்டாபேஸுக்குப் போன கேள்விகள் விநாடிக்கு 17,000-லிருந்து 1,300 ஆகக் குறைந்தனவாம். அந்த டோக்கனுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? குத்தகை. 1989-ன் அதே சொல்.

கடிகாரத்தையாவது நம்பலாமா? அதுவும் முடியாது. 2016 டிசம்பர் 31 நள்ளிரவு உலக நேரத்தில் ஒரு லீப் விநாடி கூட்டப்பட்டது. நேரம் எப்போதும் முன்னால்தான் போகும் என்று நம்பி எழுதப்பட்ட கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ் நிரல், கழித்துப் பார்த்தபோது எதிர்மறை எண் வந்து விழுந்துவிட்டது. 2017 ஆகஸ்டில் வந்த கோ மொழியின் 1.9 பதிப்பு, பின்னோக்கிப் போகாத ஒரு கடிகாரத்தையும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டது. காலாவதி நூலகம் எழுதுகிறவர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காதீங்க, ஓடும் கடிகாரத்தைப் பாருங்க என்பது அதன் பாடம்.

பத்து வருஷம் கழித்து

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த திருப்பம் கடைசியில்தான் வருகிறது. மெம்கேஷ்டு எழுதிய அதே ஃபிட்ஸ்பேட்ரிக், கூகுளுக்குப் போன பிறகு 2013-ல் குரூப்கேஷ் என்று இன்னொன்று வெளியிட்டார். அதில் காலாவதியே கிடையாது. அழி என்ற கட்டளையும் கிடையாது. ஒரு சாவிக்கு ஒரு மதிப்பு என்றால் என்றைக்கும் அதே மதிப்பு. மாற வேண்டுமா? சாவியை மாற்று. "விலைப்பட்டியல்" என்று பெயர் வைக்காதே, "விலைப்பட்டியல், 7-ம் பதிப்பு" என்று வை.

அரை நூற்றாண்டு சுற்றி மறுபடி மிச்சியின் அட்டவணைக்கே வந்தாயிற்று. 17-ன் வர்க்கம் 289. முடிந்தவரை பாலைக் கடுகாக்கிவிடு என்பதுதான் அதன் பொருள். கடுகாக்க முடியாதவற்றுக்கு மட்டும் தேதி போடு.

பஸ் சீட் கடுகு ஆகாது. பொங்கல் வாரத்தில் அது பாலும் இல்லை, தீபாவளி முதல் நாள் சூடாகப் போடும் வடை! இதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. பஸ் புறப்படும் நேரம், கட்டணம், வழித்தடம் இதையெல்லாம் நாள் முழுக்க வைத்திருக்கலாம். காலி இருக்கையை? பத்து விநாடி போதும். பணம் கட்டும் இடத்தில் பெட்டியைப் பார்க்கவே கூடாது, நேராகக் கடைக்குப் போயே ஆகணும். இடம் இல்லை என்று தெரிந்த அந்தக் கணத்திலேயே பழைய பதிலைக் கிழித்துப் போட்டிருக்கணும். அதைச் செய்திருந்தால் அந்தப் பெரியவருக்கு இரண்டாவது தடவை "நாலு சீட் இருக்கு" என்று காட்டியிருக்காது, ஏழரை மணி வண்டியையாவது பிடித்திருப்பார். அழி என்ற கட்டளை என் நாற்பது வரியிலேயே இருந்தது. கூப்பிடத்தான் இல்லை.

பிறகு மாற்றினோம். கூடவே பக்கத்தின் மேலே ஒரு வரி சேர்த்தோம்: "மாலை 6.42 மணி நிலவரம்". செய்தித்தாளில் காய்கறி விலைக்கு மேலே தேதி போடுவார்களே, அது மாதிரி. கேஷ் என்பதே தெரியாதவருக்கும் அந்த ஒரு வரி புரியும். மொக்கபெட்ரிஸ் 1983-ல் கம்ப்யூட்டர்களுக்குச் சொன்ன நேர்மையைப் படிக்கிற மனுஷருக்கும் சொல்லிவிடுவது, அவ்வளவுதான்.

இன்றைக்கும் புதுசாக வேலைக்குச் சேர்கிற பசங்க கேஷ் நூலகத்தைப் போட்டுவிட்டு, காலாவதி இடத்தில் 600 என்று எழுதிக்கொண்டு வருவார்கள். நான் ஒரே கேள்விதான் கேட்பேன். "தம்பி, இந்தப் பத்து நிமிஷத்துக்குள்ள இது மாறிப்போச்சுன்னா, போன் பண்ணப்போறது யாரு?"

பதில் சொல்லிவிட்டால் 600-ஏ இருக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.